தரையிலிருந்து எடுத்த அளவு

நாவுல
2024 பெப்ரவரி 18

அன்புள்ள ஸப்வான் நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் சுகம். ஷார்ஜாவில் உங்களுக்கு அந்த வறட்டு இருமல் நின்றதா?

கடிதத்தைப் பார்த்துச் சிரிப்பீர்கள். போனில் மூன்று முறை பேசினோம், மூன்று முறையும் நீங்கள் கத்தினீர்கள். அதனால் உங்கள் நம்பரைத் தடுத்துவிட்டேன். கடிதத்தில் நடுவில் புகுந்து கத்த முடியாது. நான் முடிக்கும் வரை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

என் விமானத்துக்கு இறக்கை பூட்டும் நேரம் வந்துவிட்டது. ஷார்ஜாவில் ஒன்பது வருடம் சின்ன விமானங்களுக்குச் சீட் உறை தைத்துவிட்டு, ஊருக்கு நான் கொண்டுவந்த, விமானத் துண்டுகள் நிறைந்த அந்தப் பெட்டிகளைப் பார்த்து நீங்கள் "தகரக் குப்பை" என்றீர்களே, அதே விமானம்தான். ஏழு வருடம் தையல் கடை வேலை முடித்த நேரங்களில் கட்டினேன். உடம்பு முடிந்தது, எஞ்சின் ஏறிவிட்டது, இரண்டு இறக்கைகளும் ரிவெட் அடித்துத் தயார். இறக்கையை உடம்போடு பூட்டும் முன்சட்டத்துக்குத் துளைகள் கம்பனியிலேயே போட்டு வந்தவை. பின்சட்டத்தில் மட்டும் பக்கத்துக்கு ஒரு துளை நாமே போட வேண்டும். இறக்கை எவ்வளவு நிமிர்ந்து நிற்கும் என்பதை அந்தத் துளைதான் தீர்மானிக்கும். போட்டால் போட்டதுதான்.

விமான அலுவலகப் படிவத்தில் ஒரு வரி இருக்கிறது. கட்டியவர் அல்லாத, வேலை தெரிந்த இன்னொருவர் தன் கையால் அளந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஒருவர்தான் இருக்கிறார், விமானம் பழுதுபார்க்கும் என் நானா. லீவு எடுத்து வாருங்கள்.

மிளகு காயப்போடும் சீமெந்துத் தளத்தில்தான் விமானம் நிற்கிறது. டிசம்பரில் மிளகு வருமுன் தளத்தைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார், மிளகு வியாபாரத்தைப் பார்க்கும் பஸ்லி மாமா. "பொம்புளப் புள்ள மெஷின்ல ஒக்காந்து தைச்சா பத்தாதா? ஆகாசத்துல போய் என்னத்தத் தைக்கப் போற?" என்று கேட்டார். "கிழிஞ்சிருந்தா தைக்கிறேன் மாமா" என்றேன்.

உங்களுக்கும் இருமலுக்கும் துஆ செய்யும்,
றுஸைனா


ஷார்ஜா
2024 மார்ச் 9

அன்பின் தங்கச்சி றுஸைனாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இருமல் நின்றது. உம்மாவை மாத்தளைக்குக் கூட்டிப்போய் முழங்காலைக் காட்டு.

நீ வாயாடி என்பது எனக்குத் தெரியும், தாளில் எழுதி நிரூபிக்கத் தேவையில்லை. என் பதில் போனில் சொன்னதுதான். விற்றுவிடு. இறக்கை என்பது சட்டைக் கை இல்லை. கை சரியாக வராவிட்டால் பிரித்துத் தைக்கலாம். இதைப் பிரித்துத் தைக்க ஆகாயத்தில் நேரம் கிடைக்காது.

எனக்கு லீவு இல்லை. ஹங்கரில் வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, நான் இல்லாமல் ஒரு விமானமும் வெளியே போகாது. கையெழுத்தும் போட மாட்டேன். அதற்கு லைசன்ஸ் உள்ள ஆள் வேண்டும், அதில் ஆயிரம் சட்டம் இருக்கிறது, உனக்குப் புரியாது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தப் பின்துளை சட்டத்தின் ஓரத்துக்குக் கிட்டப் போனால் சட்டமே கிழியும். அளக்காமல் துரப்பணத்தைத் தொடாதே. தொடவே தொடாதே என்றுதான் சொல்கிறேன்.

நோன்பு வருகிறது. பட்டினியோடு ஏணியில் ஏறாதே.

உன் நன்மைக்காகவே கத்தும்,
ஸப்வான்


நாவுல
2024 மார்ச் 24

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பதின்மூன்றாம் நோன்பு. உம்மாவுக்குப் புது மருந்து ஒத்துக்கொண்டது, இரண்டு நாளாகக் கத்தரிக்காய்க் கன்றுகளோடு மல்லுக்கு நிற்கிறார். நீங்கள் நோன்பு திறக்கக் கஞ்சி கிடைக்கிறதா, இல்லை அந்தப் பேரீச்சம்பழமும் தண்ணீரும்தானா?

படிவத்தை நான் நாலு தரம் வாசித்தேன். லைசன்ஸ் என்ற சொல்லே அதில் இல்லை. "அனுபவமுள்ளவர்" என்றுதான் இருக்கிறது. எனக்குப் புரியாது என்று எழுதினீர்கள். புரிந்தது.

நீங்கள் வராவிட்டாலும் இறக்கை ஏறிவிட்டது. போன வெள்ளி ஜும்ஆ நேரம், ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில், தெருவில் கேட்க ஆளில்லை. கடையில் தைக்கும் ஷஸ்னாவும் மற்ற ஐந்து பேரும் அபாயாவை இடுப்பில் சொருகிக்கொண்டு, உள்ளறையிலிருந்து ஒவ்வொரு இறக்கையாகத் தோளில் தூக்கி வந்தோம். "நம்மட யூனிஃபோம் கட்டு இதவிட பாரம்" என்று சிரித்தாள் ஷஸ்னா. முன்சட்டத்துக்கு எல்லா போல்ட்டும் இறங்கின. எனக்கு அழுகை வந்தது, நோன்புக் களைப்பு என்று சொல்லிச் சமாளித்தேன்.

பிறகு அளந்தேன். மேசன் நளீம் பாஸ் சுவர் கட்டும்போது வைக்கும் மட்டப்பலகையை வாங்கி உடம்பை மட்டம் பார்த்தேன். வால் நுனியிலிருந்து இரண்டு இறக்கை நுனிக்கும் கயிறு பிடித்தேன், சமம். பின்விளிம்பின் உயரத்துக்குப் பாவாடைக்கு விளிம்பு மடிக்கும் முறைதான். தரையில் அளவுகோலை நிறுத்தி இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தேன். ஒரு நூல் வித்தியாசம் இல்லை. இருபது வருடத் தையல்காரி அளந்தது, நானா.

ஏப்ரல் பத்தொன்பதாம் திகதி, பெருநாள் கழிந்த அடுத்த வாரம் வெள்ளி, துளை போடுவேன். அதற்குள் பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன்.

பெருநாள் வாழ்த்துடன்,
றுஸைனா


ஷார்ஜா
2024 ஏப்ரல் 12

தங்கச்சி,

ஸலாம். சுகம் விசாரிக்க நேரமில்லை. உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது. உன் போனுக்குப் பதினைந்து தரம் அடித்தேன், தடுத்துத்தான் வைத்திருக்கிறாய், உம்மாவிடமோ போன் இல்லை. நம்முடைய தெரு ரிஸ்வி நாளை ஊருக்கு வருகிறான், அவன் கையில் இதைக் கொடுக்கிறேன்.

துளை போடாதே. நீ தரையிலிருந்து அளந்திருக்கிறாய். அது என்ன தரை? மிளகுத் தளம். மழை பெய்தால் தண்ணீர் தேங்காமல் வடிகானுக்கு ஓட வேண்டும் என்று வாப்பா சொல்லி, வேண்டுமென்றே ஒரு பக்கம் சரித்துப் போட்ட சீமெந்து. கண்ணுக்குத் தெரியாது, மிளகுக்குத் தெரியும். பாவாடை போட்டவள் நிற்பதும் அந்தத் தரையில்தான், அதனால் விளிம்பு சரியாக இருக்கும். விமானம் தரையில் நிற்பதற்காகவா கட்டுகிறாய்? உடம்பை மட்டப்பலகையால் பார்த்துவிட்டு இறக்கையைத் தரையால் பார்த்தால், ஓர் இறக்கை நிமிர்ந்தும் மற்றது குனிந்தும் இருக்கும். ஏறியதும் ஒரு பக்கம் புரளும்.

நளீம் பாஸிடம் தண்ணீர் நிரப்பிய குழாய் இருக்கும். அதைப் பிடித்து மறுபடி அள. அளந்துவிட்டு எனக்கு எழுது. அதுவரை துரப்பணத்தை உம்மாவிடம் கொடுத்துவை.

ஸப்வான்


நாவுல
2024 மே 6

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க துஆ செய்கிறேன். இங்கே நல்ல வெயில். மாங்காய் இந்த வருடம் குறைவு.

ரிஸ்வி முதலில் அக்குறணையில் மனைவி வீட்டுக்குப் போய்விட்டு இங்கே வந்தான். கடிதம் இருபத்தேழாம் திகதி கிடைத்தது. தண்ணீர்க் குழாய் பிடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. ஐந்தடி அகலத்துக்குள் முக்கால் அங்குலம் சரிவு.

வேறு விசேஷம் இல்லை. ஷஸ்னாவுக்குச் சம்பந்தம் பேசுகிறார்கள். உங்களிடம் சும்மா ஒன்று கேட்கிறேன். யாராவது ஒருவர் பின்சட்டத்தில் துளையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டால், அதை அடைத்துவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று போட வழி இருக்கிறதா? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

றுஸைனா


ஷார்ஜா
2024 மே 28

அன்பின் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனதுக்குத்தான்.

நாற்பத்திரண்டு வயதில் நீ இதுவரை எதையும் சும்மா கேட்டதில்லை. துளைத்துவிட்டாய். பத்தொன்பதாம் திகதியே துளைத்துவிட்டாய். மாங்காயைப் பற்றி எழுதும்போதே தெரிந்தது.

அடைக்க வழி இல்லை. அந்தத் துண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும். அதைவிட முக்கியமானது, மறைக்காதே. எங்கள் ஹங்கரில் ஒருவன் இருந்தான். பார்க்காத வேலையைப் பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டவன். பிழை விடுவது மனிதன். அதன்மேல் துணியைப் போட்டு மூடுகிறவனை நான் மனிதனில் சேர்க்க மாட்டேன். அவனை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது. அந்த வழியில் நீ போகாதே. விமானத்தை விற்றுவிட்டு நிம்மதியாக இரு. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஸப்வான்


நாவுல
2024 ஜூன் 22

நானா,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம், நான் சுகமில்லை, கோபத்தில் இருக்கிறேன்.

முதலில் என் பங்கு. ஆம், துளைத்தேன். இடது பக்கம் மட்டும், வலது பக்கத்துக்குப் போகக் கடை வேலை விடவில்லை. ஷஸ்னா விளக்குப் பிடித்தாள், துளை வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது, நான் பெருமையாகப் படம்கூட எடுத்தேன். எட்டு நாள் கழித்து உங்கள் கடிதம். வெட்கமாக இருந்தது, அதனால் மாங்காயைப் பற்றி எழுதினேன். அந்தத் துண்டை வெட்டிக் கழற்றிவிட்டேன். புதிதுக்குக் கம்பனிக்கு எழுதியாயிற்று, இரண்டு மாதம் ஆகுமாம். கடையில் எல்லோரையும் நானே கூப்பிட்டுக் காட்டினேன், இது என் பிழை என்று.

இப்போது உங்கள் பங்கு. ரிஸ்வியிடம் கடிதம் கொடுத்த நாளில், மாத்தளையில் இருக்கும் உங்கள் மனைவிக்கு ஒரு போன் போட்டிருந்தால் ஜெஸ்லா மதினி ஒரு மணித்தியாலத்தில் பஸ்ஸில் வந்து சொல்லியிருப்பார். துளை தப்பியிருக்கும். ஏன் போடவில்லை என்று யோசித்து யோசித்து, நானே பஸ் ஏறி மாத்தளைக்குப் போனேன். மதினி தேத்தண்ணி ஊற்றினார். நான் உங்கள் வேலையைப் பற்றிக் கேட்டதும் அழுதார்.

"அவரு இப்ப பிளேன் பக்கமே போறதில்ல. ஸ்டோர்ல சாமான் எடுத்துக் குடுக்கிறாரு. லைசன்ஸ எடுத்துட்டாங்க, ரெண்டு வருஷமாச்சு. ஒங்களுக்குத் தெரிஞ்சா மொகத்தப் பார்க்கேலாதுன்னு என்னைய சத்தியம் பண்ண வச்சாரு."

அந்த "ஒருவன்" நீங்கள்தான். நானும் மதினியும் பேசிக்கொள்ளக் கூடாது என்பதற்காக அவருக்குப் போன் போடாமல் இருந்தீர்கள், என் இறக்கையில் துளை விழுந்தது. மனிதனில் சேர்க்க மாட்டேன் என்று எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது? என் நானாவை யாரும் அப்படிச் சொன்னால் நான் செருப்பைக் கழற்றுவேன். நீங்கள் சொன்னாலும்தான்.

உங்களுக்கு வெட்கம், எனக்கும் வெட்கம். என்னுடையதை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன், உயிர் போகவில்லை. வாருங்கள். வந்து அளவு பாருங்கள்.

றுஸைனா


நாவுல
2024 செப்டெம்பர் 3

நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இரண்டரை மாதமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. மதினியிடம் கேட்டு உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொண்டேன். அல்ஹம்துலில்லாஹ்.

புதுத் துண்டு வந்துவிட்டது. ரிவெட் அடித்துப் பொருத்திவிட்டேன். துளை போடவில்லை.

பஸ்லி மாமா நேற்றுத் தளத்துக்கு வந்து, எங்கே எவ்வளவு மிளகு பரப்பலாம் என்று காலால் அளந்தார். இறக்கைக்குக் கீழே குனிந்து போக வேண்டியிருந்தது, அதில் அவருக்கு ஆத்திரம். "ஒரு தடவ தொளை பிழைச்சதே பத்தாதா? ஊரே சிரிக்கிது. ஒன்ட நானாவே வரமாட்டேங்கிறான்" என்றார். "சிரிக்கிறவங்க வந்து ஒரு பக்கம் புடிச்சா நல்லம் மாமா, ஆள் பத்தாது" என்றேன். கதவுவரை போனவர் திரும்பி, "எந்தப் பக்கம் புடிக்கணும்?" என்று கேட்டார். கேலியா உண்மையா என்று இன்னும் தெரியவில்லை.

இருபத்திரண்டாம் திகதி ஞாயிறு துளை போடுகிறேன். நீங்கள் வந்தாலும் போடுவேன், வராவிட்டாலும் போடுவேன். வந்தால் சரியாகப் போடுவேன்.

றுஸைனா


நாவுல
2024 செப்டெம்பர் 25

தங்கச்சி,

ஸலாம். நீ கடை திறக்கப் போயிருக்கும் நேரத்தில் இதை எழுதி, படிவத்தோடு உன் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். ஒன்பது மணி பஸ். உம்மாவிடம் சொல்லிவிட்டேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

நான் வந்த ஐந்து நாளில் எத்தனை தரம் அளந்தோம்? பதினொன்று. தண்ணீர்க் குழாயால், நூலால், மட்டத்தால், காலையில் ஒரு தரம், தகரம் சூடேறிய பிறகு ஒரு தரம். நீ துரப்பணத்தை அழுத்தினாய், நான் சட்டத்தைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு துளைகளும் சரியான இடத்தில் இருக்கின்றன. ஓரத்திலிருந்து போதுமான தூரம் இருக்கிறது. இதைவிட நல்ல வேலையை நான் ஹங்கரில் பார்த்தது குறைவு.

ஆனால் கையெழுத்துப் போடவில்லை. நீ ஒருமுறைகூட வாய் திறந்து கேட்காததால் நானே சொல்கிறேன். அன்று வேலை முடிகிற நேரம். தொழிலாளர் பஸ் புறப்பட ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு விமானத்தின் மூடியில் திருகாணிகளைப் பார்த்தாயிற்று என்று பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை, விமானம் புறப்படுமுன், இன்னொருவர் பார்த்தபோது நாலு திருகாணி இல்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என்ற நினைப்பு என்னை விடவில்லை. அன்றிலிருந்து பேனாவைத் தாளில் வைத்தால் அந்த ஹோர்ன் கேட்கிறது.

உன் ஏழு வருட வேலைக்குக் கீழே என் பெயர் வந்தால் அழுக்கு. வேறு ஆளைப் பார்.

உன் நானா


நாவுல
2024 ஒக்டோபர் 7

அன்புள்ள நானாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்லபடி போய்ச் சேர்ந்தீர்களா? உம்மா கட்டிக் கொடுத்த மாசிக் கருவாட்டைச் சுங்கத்தில் விட்டார்களா?

நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனதைக் கடை வாசலிலிருந்து பார்த்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் தெருவில் வைத்துச் சண்டை பிடித்திருப்பேன்.

படிவத்தை இதோடு அனுப்புகிறேன். என் பெயருக்குக் கீழே உங்கள் வரி காலியாக இருக்கிறது. நவம்பர் பதின்மூன்றாம் திகதி விமான அலுவலக அதிகாரி வருகிறார். விஷயம் தெரிந்ததும் நளீம் பாஸ், "குடுங்க புள்ள, நான் போட்டுத் தாரேன், என்ன பெரிய விஷயம்" என்றார். நல்ல மனுஷன். வேண்டாம் என்றேன். அவர் பார்க்கவில்லை. பார்க்காதவர் பெயரை அதில் எழுதினால், அன்று பஸ்ஸுக்கு ஓடிய நீங்களும் நானும் ஒன்றுதான்.

வேறு யாருடைய பெயரும் அங்கே வராது. காலியாகத் திரும்பி வந்தால் காலியாகவே அதிகாரியிடம் நீட்டுவேன். "எங்கட நானா பதினொரு தரம் அளந்தாரு, எல்லாம் சரின்னு சொன்னாரு, பயத்துல போயிட்டாரு" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்வேன். அவர் திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும். மிளகு பரப்பினால் பரப்பட்டும். இறக்கைகளைக் கழற்றி என் படுக்கையறையில் வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் மறுபடி பூட்டி, மறுபடி உங்களையே கேட்பேன். உங்களுக்கு அறுபது வயதானாலும் கேட்பேன்.

அழுக்கு என்று எழுதியிருந்தீர்கள். எனக்குப் பயந்தவருடைய கையெழுத்துத்தான் வேண்டும் நானா. பயம் இல்லாதவர்கள் பஸ் ஹோர்ன் கேட்டதும் போட்டுவிடுவார்கள்.

றுஸைனா


ஷார்ஜா
2024 ஒக்டோபர் 29

அன்பின் தங்கச்சி றுஸைனாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். மாசி வந்து சேர்ந்தது, அறையில் உள்ள எல்லோரும் தின்று தீர்த்துவிட்டார்கள். இருமல் இல்லை. மூன்று நாளாகத் தூக்கமும் இல்லை.

படிவத்தை ஸ்டோருக்குக் கொண்டுபோய் மேசையில் விரித்து வைத்தேன். கூட வேலை செய்கிறவன் இது என்ன என்று கேட்டான். "என் தங்கச்சி கட்டிய விமானம், இறக்கையை நான் சரிபார்த்தேன்" என்றேன். இரண்டு வருடத்தில் வேலையைப் பற்றி நான் யாரிடமும் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். பிறகு நாம் குறித்த அளவுகளை ஒவ்வொன்றாக மறுபடி கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் ஆனது. பஸ் போய்விட்டது. நடந்து அறைக்கு வந்தேன்.

அதிகாரி என்னைப் பற்றிக் கேட்டால் ஒன்றையும் மறைக்காதே. லைசன்ஸ் இல்லாதவன் என்று சொல். ஏன் இல்லை என்பதையும் சொல். அந்த மூடியை அவன் பார்க்கவில்லை, இந்த இறக்கையைப் பார்த்தான் என்றும் சொல். அவருக்குச் சந்தேகம் என்றால் என் நம்பரைக் கொடு, நானே சொல்கிறேன். பஸ்லி மாமாவுக்குத் தனியாக எழுதிவிட்டேன், அதிகாரி வந்து போகும்வரை ஒரு மிளகும் அந்தத் தளத்தில் விழக் கூடாது என்று. கோபப்படுவார். படட்டும்.

படிவம் இதோடு வருகிறது. ஹங்கரில் இருபது வருடம் நான் போட்டது ஒரு கிறுக்கல், இன்னார் பெயர் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. இதில் அப்படிப் போடவில்லை. வாப்பாவின் பெயரையும் சேர்த்து என் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக எழுதியிருக்கிறேன். வாசிக்கட்டும்.

உம்மாவுக்கு ஸலாம்,
உன் நானா,
ஸப்வான்